அன்று நான் தலையாட்டினேன்

தம்பி,

உறையைப் பிரித்ததும் எழுத்தைப் பார்த்து, இது உன் தங்கையின் கடிதம் என்று நினைத்திருப்பாய். எழுதுவது அவள்தான். பேசுவது நான், உன் அப்பா. நான் வாயால் சொல்கிறேன். அவளுக்கும் புரியாத இடத்தில் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். அவள் அதைத் தாளில் ஏற்றுகிறாள். பிளஸ் ஒன் படிக்கிற பெண், நூலகத்திலிருந்து வாரம் மூன்று புத்தகம் தூக்கிக்கொண்டு வருகிறவள், எட்டாவதோடு நின்றுபோனவனுடைய பேச்சை அப்படியே எழுத அவளுக்கு மனம் வருமா? "பேஜாரா பூட்ச்சி" என்று நான் சொன்னேன். அவள் "அதிர்ச்சி அடைந்தேன்" என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். அந்தச் சொல்லை என் ஆயுளில் நான் வாயால் சொன்னதில்லை. ஆனால் ஐந்து நாளாக என் நெஞ்சுக்குள் இருப்பதற்கு அதுதான் பெயர் என்றால், அதுவே இருக்கட்டும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ என்னோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிடுகிறாய், இல்லையென்று சொல்லவில்லை. தங்கை ஸ்பீக்கரில் போடுகிறாள். "அப்பா எப்பிடிகீறாரு?" என்று அவளிடம் கேட்கிறாய். நான் அவள் தோளை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் வாயைத் திறந்து ஒரு சொல்லை உருட்டிக் கொண்டுவருவதற்குள் "சரி சரி, நல்லா பாத்துக்கோ" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் வைத்துவிட்டாலும் மீதி அதே இடத்தில் காத்திருக்கும். மறைத்துப் படிக்க வேண்டியதும் இல்லை. உன் அம்மாவுக்கும் ஏழுமலை மாமாவுக்கும் படித்துக் காட்டிய பிறகுதான் தபாலில் போடப் போகிறேன். ஊரில் யார் கேட்டாலும் படிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை எலவனாசூர்கோட்டையிலிருந்து உன் மாமனாரும் மாமியாரும் பரிசத்துக்கு நாள் பேச வந்தார்கள். அது உனக்குத் தெரியும். என்ன பேசினார்கள் என்று உன் அம்மா உனக்குச் சொன்னதில் ஒரு பாதி விட்டுப்போயிருக்கும். அதை நான் சொல்கிறேன். நாற்காலி போதாது என்று உன் அம்மா ஏழுமலை மாமாவைக் கூப்பிட்டிருந்தாள். அவர் வீட்டிலிருந்து நான்கு பிளாஸ்டிக் நாற்காலியை மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்தார். வந்தவரை உட்காரச் சொன்னோம். டிவி பக்கத்தில் டீ டம்ளரோடு உட்கார்ந்தார். யார் என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்திருப்பார்கள்.

சம்பந்தி என்னைப் பார்த்துத் திரும்பினார். நேராக என் கண்ணைப் பார்த்தே பேசினார். "இன்னா சம்மந்தி, ஒடம்பு இப்ப பரவால்லீங்களா? மாப்ள எல்லாம் சொன்னாரு. மலையில பஸ்ஸு கவுந்தப்போ உங்க தாடதான் கம்பியில மாட்டிக்கிச்சாமே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த பஸ்? எந்தக் கம்பி? வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

"அந்த டிரைவரு குடிச்சிட்டு ஓட்டிக்கினு வந்தானாமே. அவன உள்ள தள்ளுனாங்களா, இல்ல வுட்டுட்டாங்களா?"

ஏழுமலை மாமாவின் டம்ளர் வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. உன் அம்மா தட்டில் முறுக்கை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தாள். உன் தங்கை என்னைப் பார்த்தாள். எல்லோரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். நான் தலையாட்டினேன்.

ஆமாம் என்று தலையாட்டினேன், தம்பி. பத்தொன்பது வருடம் நான் விசில் ஊத, ஏழுமலை மாமா ஸ்டியரிங் பிடித்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஒரு நாளைக்கு மூன்று நடை. அத்தனை வளைவிலும் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடிக்காத மனிதர் நான்கடி தள்ளி உட்கார்ந்திருக்க, குடித்துவிட்டு பஸ்ஸைக் கவிழ்த்தான் என்று சொன்னதற்கு நான் தலையாட்டினேன்.

அதைவிட மோசமானது அடுத்து நடந்தது. ஏழுமலை மாமா டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "அந்தாளு இப்ப வேலையில இல்லீங்க. தூக்கிட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு மீதி டீயையும் குடித்தார். "நல்ல வேல செஞ்சாங்க" என்றார் சம்பந்தி. பிறகு நாள் பார்த்தார்கள். எந்த நாள் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் காதில் விழவில்லை.

அவர்கள் போன பிறகு நான் சிலேட்டில் "விபத்தா?" என்று எழுதி உன் அம்மா முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னாங்க பண்றது? கேன்சரு வந்த வூடுன்னா எவன் பொண்ணு குடுப்பான்? நாளைக்கு புள்ளைங்களுக்கும் வரும்னு சொல்லுவாங்க. அவன் நல்லதுக்குத்தான சொல்லிகீறான்" என்றாள். "குடிச்சான்னு சொன்னது எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது." ஏழுமலை மாமா நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். "உடு மச்சான்" என்றார் என்னிடம். "புள்ள கல்யாணம் நடக்கட்டும். எம்பேரு இன்னா, பஸ்ஸு நெத்தியில போர்டா மாட்டிகீதா?" சிரித்தார். மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு போயிருந்தார். மறுநாள் உன் தங்கைதான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஏழுமலை மாமாவின் தம்பி கருணாபுரத்தில் குடியிருந்ததும், அந்த விஷச் சாராயத்தில் செத்துப்போனதும் உனக்குத் தெரியும். இறுதிச் சடங்கன்று நீயும் வந்து நின்றாய். அந்தத் தெருவில் ஒரே நேரத்தில் எத்தனை வீட்டில் அழுகை கேட்டது என்று நீயே என்னிடம் சொன்னாய். அப்போது எனக்கு நாக்கு முழுதாக இருந்தது, நாம் பேசிக்கொண்டோம். அப்படிப்பட்ட மனிதரை, ஒரு பீர் பாட்டிலின் மூடியைக்கூடத் திறக்காதவரை, குடிகாரன் என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது? இதைக் கோபத்தோடு கேட்கவில்லை. உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. விபத்து என்று சொன்னதும், எப்படி விபத்து என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். ஒரு காரணம் வேண்டியிருந்திருக்கும். கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்துவிட்டாய். அப்படித்தானா?

(அண்ணா, இந்த இடத்தில் அப்பா சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து வந்தார். நான் காத்திருந்தேன். - தங்கை)

உன்னைக் கேட்பதற்கு முன் என்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பொய் உன்னுடையது, தலையாட்டியது நான். ஏன் ஆட்டினேன் என்று மூன்று நாள் யோசித்தேன். நாக்கில் பாதி போன பிறகு நான் பழகிக்கொண்ட கெட்ட பழக்கம் அது. கடைக்காரர் "பால் பாக்கெட்டா?" என்று கேட்கிறார், எனக்கு வேண்டியது தயிர், தலையாட்டிவிட்டுப் பாலை வாங்கிக்கொண்டு வருகிறேன். "வலி கம்மியா கீதா?" என்று பார்க்க வருகிறவர்கள் கேட்கிறார்கள், கம்மி இல்லை, தலையாட்டுகிறேன். பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எச்சிலைத் துடைக்க வேண்டும், வாய் காய்ந்திருந்தால் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு நனைக்க வேண்டும், பிறகு சொல்ல வேண்டும், புரியாமல் அவர்கள் "ஆங்?" என்பார்கள், மறுபடி சொல்ல வேண்டும். அவ்வளவுக்கும் காத்திருக்கிற முகம் இந்த ஊரில் இரண்டோ மூன்றோதான். தலையாட்டினால் எல்லோரும் சந்தோஷமாக நகர்ந்துவிடுகிறார்கள். அன்று சம்பந்தி என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டது எனக்கு ஒரு விருந்து மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கேள்வி என்ன என்பதற்கு முன்பே தலை ஆடிவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. கேள்வி புரிந்தது. பயமாக இருந்தது. கல்யாணம் நின்றுபோனால் நீ என்னை என்ன நினைப்பாய் என்ற பயம்.

நோயைப் பற்றி நான் உன்னிடம் பேசியதே இல்லை. இப்போதாவது சொல்கிறேன். மலை ஏறும் நடையில் கண் சொக்காமல் இருக்கவும், வளைவில் வயிறு புரட்டாமல் இருக்கவும் போயிலையை இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வேன். டிக்கெட் கேட்டுக்கொண்டே துப்புவதற்கு ஜன்னல் ஓரம் போவேன். ஏழுமலை மாமா கண்ணாடியில் பார்த்து, "யோவ் கண்டக்டரே, பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கறியா?" என்று கத்துவார். பஸ்ஸே சிரிக்கும், நானும் சிரிப்பேன். பிறகு நாக்கு ஓரத்தில் ஒரு புண் வந்தது. கடைவாய்ப் பல் உடைந்து கூராக நின்றது, அதுதான் அறுக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். வெள்ளிமலைச் சந்தைக்கு மூட்டை ஏற்றுகிறவர்களிடம் கடுக்காய் வாங்கி, கல்லில் உரைத்துப் பூசினேன். எரிந்தது. எரிச்சல் தெரியாமல் இருக்க அதன் மேலேயே போயிலையை வைத்தேன். மரத்துப்போனது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். இப்படியே ஐந்து மாதம். புண்ணை உண்டாக்கியதையே மருந்தாகப் போட்டு மூடி வைத்தேன். இப்போது அதைச் சொல்லும்போதே எனக்கு உடம்பு கூசுகிறது.

கண்டுபிடித்தவர் ஏழுமலை மாமாதான். ஒருநாள் வெள்ளிமலையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, "விசிலு சத்தம் மாறிப்போச்சு மச்சான். காத்து ஓரமா போவுது. வாயத் தொற" என்றார். விளையாட்டு என்று நினைத்துத் திறந்தேன். மூன்று விரல் நுழைகிற வாய் ஒரு விரலுக்கு மேல் திறக்கவில்லை. செல்போன் லைட்டை அடித்துப் பார்த்தார். மறுநாள் சம்பளமில்லாத லீவு போட்டு என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீ வேலை பார்க்கிற ஒரகடத்திலிருந்து மாலைதான் வந்து சேர்ந்தாய். அதுவரைக்கும் டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, என் சட்டைப்பையிலிருந்த பொட்டலத்தை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். நீ குடிகாரன் ஆக்கியது அவரைத்தான்.

டாக்டர் உன்னிடம், "எவ்வளவு நாளா போயிலை போடறாரு?" என்று கேட்டபோது உன் முகம் மாறியதைப் பார்த்தேன். எதை நினைத்தாய் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது படிக்கும்போதிலிருந்து உன்னைத்தான் முக்குக் கடைக்கு அனுப்புவேன். "அப்பாவுக்கு ஒரு பொட்டலம்" என்று நீ கேட்டு வாங்கி, உள்ளங்கையில் பொத்திக்கொண்டு ஓடிவருவாய். மீதியில் மிட்டாய் வாங்கிக்கொள் என்பேன். தம்பி, குழந்தையை அனுப்பி வாங்கியது என் தவறு. வாங்கிவந்தது உன் தவறு இல்லை. இதை இரண்டு வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் இந்த நோயை யார் கண்ணிலும் படாமல் மறைக்க நீ இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டாயோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆபரேஷன் முடிந்து முதல் தடவை கண்ணாடி பார்த்ததைச் சொல்ல மாட்டேன், உன் தங்கை எழுதும்போது அழுகிறாள். (அழவில்லை. கண் எரிகிறது.) வேறொன்று சொல்கிறேன். முன்கையிலிருந்து சதை எடுத்து நாக்கில் ஒட்டினார்கள் அல்லவா? நான்கு மாதம் கழித்து வாய்க்குள் என்னவோ குத்தியது. விரலை விட்டுப் பார்த்தேன். மயிர். என் கையில் முளைக்கிற மயிர் என் வாய்க்குள் முளைத்திருந்தது. நான் அலறினேன். அலறலும் சரியாக வரவில்லை. நர்ஸம்மா போனில், "அப்பிடித்தாங்க வரும், பயப்படாதீங்க, ரேடியேஷன் கரன்ட்டு வெச்சதால போகப் போக கொட்டிப் பூடும்" என்று சாதாரணமாகச் சொன்னார். கொட்டியும் போனது. ஆனால் அன்று முழுக்க இது யாருடைய வாய் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். உயிர் பிழைத்தது பெரிதுதான். பிழைத்த பிறகு வாழ வேண்டியிருக்கிறதே, அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. தினமும் ஐஸ்கிரீம் குச்சிகளைப் பல்லுக்கு நடுவே அடுக்கி வாயைத் திறந்து பழகுகிறேன். ஏழு குச்சியில் ஆரம்பித்தேன், இப்போது பதினான்கு. பதினைந்தாவது குச்சியை உன் தங்கை கையில் வைத்துக்கொண்டு பயமுறுத்துகிறாள். சாம்பார் சாதத்தை மிக்சியில் அடித்துத் தருகிறார்கள். உப்பு தெரிகிறது, புளிப்பு கொஞ்சம் தெரிகிறது, இனிப்பு இன்னும் வரவில்லை. சொற்களில் உதட்டால் சொல்வதெல்லாம் வருகிறது. நாக்கு மேலே போய்த் தொட வேண்டியதெல்லாம் கொழகொழவென்று வழிந்துவிடுகிறது. பத்தொன்பது வருடம் கூவின 'வெள்ளிமலை'யில் 'வெ'யும் 'ம'வும் மட்டும்தான் ஒழுங்காக இறங்குகின்றன.

பொங்கலுக்கு நீ வந்தபோது நாம் இருவரும் எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்தோம். நான் முதல் வாயை விழுங்கினேன். பாதி வெளியே வந்தது, துண்டால் துடைத்தேன். சத்தமும் வந்தது, அது எனக்கே கேட்கும். நீ "டிவில மேட்ச்சு" என்று சொல்லி இலையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாய். டிவி ஓடவில்லை, தம்பி. அன்று கரன்ட் இல்லை. அதற்குப் பிறகு நான் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. எல்லோரும் முடித்த பிறகு அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன். பரிசத்தன்றும் விருந்து முடியும் வரை என்னை மாடியில் உட்கார வைக்கலாம், சபையில் உன் பெரியப்பாவே எல்லாம் சொல்லிவிடுவார் என்று நீ அம்மாவிடம் ஏற்பாடு செய்திருப்பதும் எனக்குத் தெரியும். தட்டு மாற்றும்போது "பரிசம் உங்க பரிசம், பொண்ணு எங்க பொண்ணு" என்று மூன்று தடவை சபைக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டியவன் மாப்பிள்ளையைப் பெற்றவன். நான் இருக்கும்போதே என் இடத்தில் இன்னொருவர். அதற்கும் நான் தலையாட்டித்தான் வைத்திருந்தேன்.

புதன்கிழமை உன் தங்கை பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு சொன்னாள். இருவரும் எலவனாசூர்கோட்டைக்கு பஸ் ஏறினோம். உன் அம்மாவிடம் ஆஸ்பத்திரிக்கு என்று சொன்னோம், அது என் பொய், அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, உன் தங்கையிடம் குனிந்து, "பெரியவரு எங்க எறங்கணும்?" என்று கேட்டார். நானும் ஒரு கண்டக்டர், எனக்கு ஐம்பத்திரண்டு வயது, நான் உயிரோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். நான் எத்தனை பேரிடம் இப்படிக் கேட்டிருப்பேன் என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காது கேளாதவர்கள், கை நடுங்குகிறவர்கள். எல்லோருடைய டிக்கெட்டையும் பக்கத்தில் இருப்பவரிடமே கொடுத்திருக்கிறேன்.

சம்பந்தி வாசலில் மக்காச்சோளம் காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறிப்போனார். உட்கார வைத்தார். நான் வீட்டிலேயே எழுதி வைத்திருந்த சிலேட்டைக் கொடுத்தேன். "விபத்து நடக்கவில்லை. எனக்கு வந்தது வாய்ப் புற்றுநோய். போயிலையால் வந்தது. டிரைவர் குடிக்கிறவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் எதிரில் டீ குடித்தவர்தான் அந்த டிரைவர். நான் தலையாட்டியது தப்பு." அவர் ஒரு தடவை படித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். கடைசிக்கு முந்தின வரியில் விரலை வைத்துக்கொண்டு, "அவரேவா?" என்றார். "நான் அவரு மூஞ்சிக்கு நேராவா சொன்னேன்?" 

உன் மாமியார்தான் கேட்டாள். "இது ஒட்டிக்குமா? பொண்ணு அங்க வந்து ஒரே வூட்ல சாப்புடணுமே." உன் தங்கை வாயைத் திறந்தாள், அறிவியல் புத்தகம் முழுவதையும் சொல்லிவிடுவாள் போலிருந்தது. நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பாட்டிலைத் திறந்து வாயை நனைத்தேன். "ஒட்டாது" என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை சொன்னபோது உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "ஒட்டாதுன்னு சொல்றாரும்மா" என்றது. உனக்குப் பேசியிருக்கிற பெண். சுகன்யா. வெளியே வந்தாள். உன் தங்கையிடம் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "மாமா, மோர் குடிப்பீங்களா? தண்ணியா கலக்கட்டா, கெட்டியாவா?" என்று கேட்டுவிட்டு நின்றாள். நான் "கெட்டி" என்று சொல்லி முடிக்கிற வரைக்கும் நின்றாள். தண்ணியாக இருந்தால் புரையேறும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகத்தான் கேட்டாள்.

மோரைச் சுவர்ப்பக்கம் திரும்பிக் குடித்தேன். குடித்து முடித்ததும் சம்பந்தி சொன்னார்: "நோவு வர்றதுல தப்பு இல்லீங்க. யாருக்கும் வரும். மாப்ள பொய்யி சொன்னாரே, அதான் மனசு ஒப்பல. ரெண்டு நாளு குடுங்க." நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். திரும்பும்போது பஸ்ஸில் உன் தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் உன் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனா என்று சிலேட்டில் எழுதிக் கேட்டேன். "தெரிலப்பா" என்றாள்.

இன்று வெள்ளிக்கிழமை. மேலே உள்ள வரியை எழுதி முடித்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. சம்பந்தி. உன் தங்கை ஸ்பீக்கரில் போட்டு, "சொல்லுங்க மாமா, அப்பா பக்கத்துலதான் கீறாரு" என்றாள். "நீ தள்ளிக்கோம்மா, சம்மந்திகிட்ட குடு. அவரு மெதுவா பேசட்டும், நான் கேக்கறேன்" என்றார் அவர். இரண்டு வருடத்தில் எனக்கென்று வந்த முதல் போன். பத்து நிமிடம் பேசினோம். நான் சொன்னதில் பாதி அவருக்குப் புரியவில்லை. "இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கேட்டார். சொன்னேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். அவர் அவசரப்படவில்லை.

அவர் சொன்னது இதுதான். பரிசத்தன்று சபையில் நான்தான் சொல்ல வேண்டும், பெரியப்பா வேண்டாம். "மூணு தரம் சொல்றது வழக்கம். புரிலன்னா நாலாந்தரம் சொல்லுங்க, யாரு இன்னா பண்ணிடுவாங்க?" என்றார். ஏழுமலை மாமா சம்பந்தி பக்கத்தில் உட்கார வேண்டும், எல்லோர் முன்னும் சம்பந்தியே அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இதெல்லாம் நடக்க ஒன்று நடக்க வேண்டும். நீ சம்பந்திக்குப் போன் செய்து, என் அப்பாவுக்குப் புற்றுநோய், நான் பொய் சொன்னேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். கடிதம் உன் கைக்கு வந்து சேரட்டும் என்று அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருப்பாராம். சொல்லாவிட்டால் பரிசம் இல்லை. "பொண்ணும் அதத்தான் சொல்லுது" என்றார்.

நான் பயந்து ஒளித்த இடத்தில் எனக்கு நாற்காலி போடுகிறார்கள். நீ ஒளித்தது மட்டும்தான் இப்போது குறுக்கே நிற்கிறது. இப்படி ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை.

பரிசத்தன்று சபைக்குச் சொல்ல வேண்டியதை, போனை வைத்ததிலிருந்தே குச்சியைப் பல்லில் வைத்துக்கொண்டு பழகுகிறேன். 'பரிசம்' பரவாயில்லை, முதலும் கடைசியும் வருகிறது. 'பொண்ணு' பாதியில் வழிந்துவிடுகிறது. அன்றைக்குள் வந்தாலும் வரும், வராமலும் போகலாம். எப்படி வருகிறதோ அப்படியே சொல்வேன். எச்சில் ஒழுகினால் துண்டு இருக்கிறது. நீ சொல்ல வேண்டியது அதைவிடச் சின்னது. உனக்கு முழு நாக்கு இருக்கிறது, தம்பி. ஏழுமலை மாமாவிடம் முதலில் பேசு. அவர் "உடு மாப்ள" என்று சொல்லிச் சிரிப்பார். அதைக் கேட்டு நீ விட்டுவிடாதே. பிறகு சம்பந்தியைக் கூப்பிடு.

விருந்தில் ஏழுமலை மாமாவின் இலைக்கு நீயே பரிமாறு. பிறகு எனக்கு எதிரில் இலையைப் போட்டு உட்கார். நான் விழுங்கும் சத்தம் கேட்கும், அது நிற்காது. எழுந்து போகலாமா என்று கண்ணால் என்னைக் கேட்டாயென்றால், தெரிந்துகொள், இனி நான் தலையாட்ட மாட்டேன்.

உன் அப்பா